தினம் ஒரு ஆங்கிலச் சொல்: பல வருடம் படித்ததில் மனதில் நின்றவை

'எ வேர்டு எ டே' மெயிலைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அனு கர்க் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது 1994இல் தொடங்கியது. அவருடைய வேர்ட்ஸ்மித் இணையதளத்தில் மெயில் முகவரியைக் கொடுத்தால் போதும், காசு கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு சொல் வரும். உச்சரிப்பு, பொருள், சொல் பிறந்த விதம், ஓர் உதாரண வாக்கியம், அவ்வளவுதான். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு கரு இருக்கும். ஒரு வாரம் மனிதர் பெயரிலிருந்து வந்த சொற்கள் என்றால், இன்னொரு வாரம் ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சொல் பிறந்த விதத்தைச் சொல்லும் பகுதி. பொருளை மட்டும் படித்த சொற்கள் இரண்டே வாரத்தில் பறந்துவிடுகின்றன. பின்னணி தெரிந்தவை போவதே இல்லை. 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்றால் ஒருவரை ஜன்னல் வழியே வெளியே எறிவது. 1618இல் ஐரோப்பாவின் பிராகா நகரக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் அப்படித்தான் எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அதிலிருந்து முப்பதாண்டுப் போர் மூண்டது. இதைப் படித்தபின் எப்படி மறக்கும்? லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். பிறகு ஒரு நாள் மகளின் உயிரியல் புத்தகத்தில், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு 'ஃபெனஸ்ட்ரேட்டட்' என்ற அடைமொழியைப் பார்த்தேன். சுவரில் ஜன்னல் வைத்ததுபோல் சிறு துளைகள் உள்ளவை என்று அகராதியைத் தொடாமலே விளங்கிவிட்டது. ஒரு வேர் பிடிபட்டால் கூடவே நாலு சொல் வரும் என்று சொல்வது இதைத்தான்.

'பெட்ரிகோர்' இன்னொன்று. காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும் மண்வாசனை. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்காக உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் 'பெட்ரா' கல். 'ஐகோர்' தேவர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுவது. ஆய்வுக் கட்டுரைக்குள் இவ்வளவு கவிதையா என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

படித்ததைத் தக்கவைக்க 'ஆன்கி' செயலியையும் சேர்த்துக்கொண்டேன். நாம் அதில் எழுதிவைத்த கேள்வி-பதில் அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி காட்டும். நன்றாகத் தெரிந்தவற்றுக்கு இடைவெளி நீண்டுகொண்டே போகும். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று நான் போடுவதில்லை. ஒரு வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுகிறேன். அந்த வாக்கியம் என் சொந்த வாக்கியமாக இருந்தால் இன்னும் நன்றாக நிற்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுக்கு அவசரமாகத் தயாராகிறவர்களுக்கு இந்த மெயில் சரிப்படாது. சொற்கள் எளிது, கடினம் என்ற வரிசையில் வருவதில்லை; பாதி சொற்களை அலுவலகக் கடிதத்தில் எழுதவும் முடியாது. ஆங்கில நாவல், கட்டுரை என்று விரும்பிப் படிக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அப்புறம், வார இறுதியில் வாசகர் கடிதங்களைத் தொகுத்து ஒரு மெயில் வரும். அதைத் தவறவிடாதீர்கள்.