ஆர்மோனியம் பழுது பார்க்கக் கொடுப்பவர்களே, உள்ளே இருக்கும் ரீடுகளைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்

வீட்டுக்கே வந்து ஆர்மோனியம் பழுது பார்த்துத் தருவதாக ஒரு விளம்பரம் வடசென்னைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பஜனைக் குழு, சர்ச் பாடகர் குழு, கானா பாடும் பிள்ளைகளின் குழு என்று எனக்கே மூன்று இடத்திலிருந்து வந்தது. அந்த ஆளிடம் எங்கள் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியைக் கொடுத்து நாங்கள் ஏமாந்துவிட்டோம். பெட்டி திரும்பி வந்தது, புது பாலிஷோடு வந்தது. உள்ளே இருந்த 78 ரீடுகளும் வரவில்லை. அத்தனையையும் கழற்றிக்கொண்டு மட்டமான ரீடுகளை மாட்டிக் கொடுத்துவிட்டார். அதற்கு எங்களிடம் 7,500 ரூபாய் கூலியும் வாங்கிக்கொண்டார்.

புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரைப் போட முடியாது. நடந்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன். பரண் மேலே ஒரு பழைய பெட்டி இருக்கிற வீடு நம் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது.

அப்பா பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தார். 1974-ல் போனஸ் வந்த கையோடு மூர் மார்க்கெட்டுக்குப் போய் இந்தப் பெட்டியை வாங்கி வந்தாராம். ஏதோ ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது விலைக்கு வந்த பெட்டி. கடைக்காரர் "ஜெர்மன் ரீட்" என்று சொல்லி விலையைக் கூட்டியிருக்கிறார், அப்பாவும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு புளியந்தோப்பு வரை தோளில் தூக்கிக்கொண்டே நடந்து வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். 1996-ல் மில்லை மூடினார்கள். அப்புறம் அப்பா ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வீட்டில் பித்தளை அண்டாவிலிருந்து அம்மாவின் தோடு வரைக்கும் அடகுக்குப் போயிருக்கிறது. பெட்டி மட்டும் வாசற்படி தாண்டியதில்லை. தாண்டினால் அது மார்கழி மாதம் விடியற்காலை தெரு பஜனைக்கு, இல்லையென்றால் யாராவது இறந்த வீட்டில் பதினாறாம் நாள் பாட்டுக்கு.

ஆர்மோனியம் வாசிக்காதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என்ன திருடு போனது என்று புரியும். பெட்டிக்குள், விரலால் அழுத்துகிற ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அந்தத் தகட்டில் நீளமாக ஒரு வெட்டு, அதன் மேல் ஒரு மெல்லிய பித்தளை நாக்கு. ஒரு முனை ரிவெட் அடித்து இறுக்கியிருக்கும், இன்னொரு முனை சும்மா நிற்கும். துருத்தியிலிருந்து காற்று வரும்போது அந்த நாக்கு அதிர்கிறது. நமக்குக் கேட்கிற ஸ்வரம் அதுதான். இந்தத் தகடும் நாக்கும் சேர்ந்ததைத்தான் ரீடு என்கிறோம். மரப்பெட்டி, துருத்தி, கட்டை எல்லாவற்றையும் இங்கேயே ஆசாரி செய்து கொடுத்துவிடுவார். பழைய நல்ல ரீடு மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். எங்கள் பெட்டியில் 39 கட்டை, கட்டைக்கு இரண்டு ரீடு. கனத்த குரலுக்கு ஒரு வரிசை, அதற்கு மேல் ஸ்தாயிக்கு ஒரு வரிசை.

பாடுகிறவர்களிடம் "உங்களுக்கு எத்தனை கட்டை" என்று சுருதி கேட்கிறோமே, அது இந்தப் பெட்டியின் கட்டையை வைத்து வந்த கணக்குத்தான். அப்பாவுக்கு ஒன்றரைக் கட்டை. எனக்கு ஐந்தரை. எட்டு வயதில் அவர் மடியில் உட்கார்ந்து நான் துருத்தி போட, அவர் வாசிப்பார். அப்படித்தான் எனக்கு சரளி வரிசை வந்தது, எந்த கிளாசுக்கும் போகவில்லை.

அப்பா 2019-ல் போய்விட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கட்டில் மேல் ஏற்றி வைத்தும் பெட்டியின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. துருத்தியின் அட்டை மடிப்பு ஊறிப் பிரிந்தது, இரண்டு கட்டை தொடாமலேயே கத்த ஆரம்பித்தது. என் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். 2024 மார்கழிக்குள் சரி செய்துவிடலாம் என்று புரட்டாசியில் அந்த விளம்பர நம்பருக்குப் போன் போட்டேன்.

முப்பது வயசு இருக்கும், மரியாதையாகப் பேசினார். வாய்க்கு வாய் "அக்கா". வந்த உடனே கட்டைகள் இருக்கும் பலகையைத் தூக்கித் திருப்பி, ரீடுகள் மேல் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யாருக்கா வாங்கினது, எந்த வருஷம்?" என்று கேட்டார். படம் எடுத்தார். கெட்டுப்போனது துருத்தி, அதை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். தொழில் தெரிந்த பிள்ளை, அக்கறையாகப் பார்க்கிறது என்று காப்பி போட்டுக் கொடுத்தேன்.

வீட்டிலேயே செய்வதாகத்தான் விளம்பரம். பெட்டியைப் பார்த்த பிறகு, "துருத்தி புதுசா கட்டணும், பட்டறைக்கு எடுத்துட்டுப் போனாத்தான் முடியும்" என்றார். கூலி 4,500, முன்பணம் 2,000, பத்து நாளில் தருகிறேன் என்றார். ரசீது கேட்டேன். "சரக்கு கொடுக்கும்போது பில் போட்டுத் தரேன்க்கா" என்றார். நானும் விட்டுவிட்டேன். 2,000 ரூபாயை மட்டும் கூகுள் பேயில் அனுப்பினேன். இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

பத்து நாள் ஆறு வாரம் ஆனது. ஒருவழியாகக் கொண்டுவந்தபோது கூலி 7,500 என்றார். "உள்ளே எதிர்பார்க்காத வேலைக்கா" என்றார். மீதி 5,500 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். பெட்டியின் பளபளப்பைப் பார்த்து மகள் குதித்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னதற்கு ஒரு சினிமாப் பாட்டின் நாலு வரியை வேகமாக வாசித்துவிட்டு, மழை வரும் என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் ஐந்தரைக் கட்டையில் சுருதி வைத்தேன். சத்தம் பெரிதாக, கூர்மையாக, பல்லைக் கூச வைக்கிற மாதிரி வந்தது. புதுத் துருத்தி, காற்று அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாடி இது? உங்கப்பா பொட்டி சத்தமே இல்லியே."

அவளுக்குப் பாட்டு தெரியாது. ஒரு ஸ்வரம் பெயர் சொல்லத் தெரியாது. நாற்பத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோறு வடித்தவள்.

மறுநாள் பெரம்பூரில் பல வருஷமாகப் பெட்டி வாசிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். பலகையைத் திருப்பினார். எல்லா ரீடும் மஞ்சளாக மின்னியது. அவர் ரீடை விட்டுவிட்டு முதலில் மரத்தைக் காட்டினார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பலகை, கறுத்துப் போயிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ரீடின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு நெல்மணி அகலத்துக்கு மரம் வெளுப்பாக இருந்தது. பழைய தகடு நீளமானது. அது மூடியிருந்த இடத்தில் மரம் கறுக்கவில்லை. புதுத் தகடு குட்டையாக இருப்பதால் அந்த வெளுப்பு இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறது. அந்த வெளுப்பிலேயே பழைய திருகாணி ஓட்டைகளும் மெழுகு வைத்து அடைத்தபடி தெரிந்தன. வரிசையாக 78 இடத்திலும்.

அப்புறம் பூதக்கண்ணாடி கொடுத்து நாக்குகளைப் பார்க்கச் சொன்னார். ரீடின் நுனியில் அரம் போட்டால் சுருதி ஏறும், ரிவெட் பக்கம் அடியில் போட்டால் இறங்கும். நல்ல கைக்காரர் ஏதாவது ஒரு பக்கம் மெல்லிசாக இரண்டு இழுப்போடு நிறுத்திவிடுவார். இதில் நுனியிலும் கீறல், அடியிலும் கீறல். அவசரத்தில் ஏற்றி, அளவு தாண்டி, மறுபடி இறக்கி, திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு வரிசையும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒட்டாமல் அலை அலையாக அடிக்கிறது. இவ்வளவு அரம் வாங்கிய நாக்கு சீக்கிரம் உடைந்துவிடும் என்றும் பெரியவர் சொன்னார்.

போன் போட்டேன். "பழைய ரீடு எல்லாம் துருப்பிடிச்சிருந்ததுக்கா, அதான் புதுசு போட்டேன், உங்களுக்கு லாபம்தான்" என்றார். பித்தளை எங்கே துருப்பிடிக்கும்? களிம்பு பிடிக்கும், துடைத்தால் போய்விடும். அதைச் சொன்னதும் குரல் மாறியது. பழைய ரீடைத் திருப்பிக் கொடு தம்பி, நீ போட்ட புது ரீடுக்கும் காசு வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை. என் தங்கை வேறு நம்பரிலிருந்து வாடிக்கையாளர் மாதிரி பேசி, பழைய ஜெர்மன் ரீடு கிடைக்குமா என்று கேட்டாள். "ஒரு செட் இருக்கு, விலை கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அந்தப் பேச்சு பதிவில் இருக்கிறது.

காவல் நிலையத்தில் முதலில், "பழைய ஆர்மோனியப் பெட்டிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நம்பித்தான் இந்த ஆளும் தொழில் நடத்துகிறார். ஆர்மோனியம் என்றாலே நம் ஊரில் ஒரு இளக்காரம் உண்டு. ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் இதில் வராது என்று கச்சேரிக்காரர்கள் ஒதுக்கினார்கள். அகில இந்திய வானொலியே 1940-லிருந்து 1971 வரை இதைத் தடை செய்து வைத்திருந்தது. வீடுகளும் பஜனைக் கோயில்களும்தான் இதைக் காப்பாற்றி வைத்தன. பெட்டியின் மதிப்பு நமக்கே தெரியாமல் இருக்கிறது, ரீடு விற்கிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விடாமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் பில் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். கூகுள் பே தகவலையும் தங்கையின் பதிவையும் வைத்துக்கொண்டு நான் அலைகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

பெட்டியைக் கொடுக்கிற நிலைமை வந்தால், ஆள் வருவதற்கு முன்னால் நீங்களே பலகையைத் தூக்கிப் பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. ரீடு வரிசையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒரு கட்டை விடாமல் மெதுவாக அழுத்தி போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அது கையில் இருந்திருந்தால் என்னால் இன்றைக்குச் சத்தத்தையே சாட்சியாக வைத்திருக்க முடியும். என்ன வேலை, எதை மாற்றப் போகிறார்கள், கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தருவார்களா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துருத்தியில் மட்டும் பழுது என்றால் ரீடு பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுத்தனுப்பலாம், பெரியவர் அப்படித்தான் செய்வாராம். திரும்பி வந்ததும் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். ரீடுகளுக்குக் காற்று போகிற வழியை அடைக்கும் ஸ்டாப்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, துருத்தியை நாலு தடவை போட்டு நிரப்பி, கையை எடுத்துவிட்டால் சரேலென்று இறங்கக் கூடாது. எங்களுக்கு வந்த துருத்தி அதிலும் தேறவில்லை. மீதிப் பணத்தை இதெல்லாம் பார்த்த பிறகு கொடுங்கள், மழை வந்தால் வரட்டும்.

பெரியவர் இருக்கிற ரீடுகளையே கொஞ்சம் சரிக்கட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் அதில்தான் பழகுகிறாள். மார்கழி பஜனைக்கு வேறொரு வீட்டுப் பெட்டியை இரவல் வாங்கினோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய ரீடு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் ரீடுகளை அடையாளம் கண்டுபிடிக்க முடியும். 1987-ல் அப்பா எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தபோது, மாறிவிடக் கூடாது என்று ஒன்றரைக் கட்டையிலிருந்து ஒரு ஸ்தாயிக்கு தகட்டின் ஓரத்தில் காம்பஸ் ஊசியால் ஸ, ரி, க, ம என்று தமிழில் கீறி வைத்தார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். வெளிச்சம் ஆடியதில் "ம" தப்பாகிவிட்டது. அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாக மறுபடி எழுதினார். அப்படி ஒரு தகடு உங்கள் கைக்கு வந்தால் தயவுசெய்து உருக்கிவிடாதீர்கள், யாருக்கும் விற்றுவிடாதீர்கள். இந்தப் பதிவின் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். சொல்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.