பால்தேத்தண்ணியா, குளத்து மீனா?

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சச் சட்டி அடுப்பேறாது. சைவமென்றால் பாவமில்லை என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் அன்றும் பால்தேத்தண்ணி உண்டு, தயிர் உண்டு. பாலா மீனா, எதில் பாவம் குறைவு என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பால் வந்த வழியைப் பாருங்கள். பசு கன்று போட்டால்தான் பால். பிறந்தது நாம்பன், அதாவது ஆண் கன்று, என்றால்? உழவுக்கு ட்ரக்டர் வந்தபிறகு வன்னிப் பட்டிகளில் அதற்கு வேலையில்லை. வளர்ந்ததும் யாவாரி பிடித்துக்கொண்டு போவார்; எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. கயிறு இறுக அது கத்துவது படலைவரை கேட்கும். தின்ன ஆளில்லாவிட்டால் விற்கவும் ஆளிராது என்பது வள்ளுவரின் வாதம். நாம்பன் விசயத்தில் அது பால் குடிப்பவரையும் தொடும்.

மற்றப்பக்கம், கிளிநொச்சி இரணைமடுக் குளத்து யப்பான் மீன். பெயர்தான் யப்பான், திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க மீன். வலையில் படும்வரை தன்பாட்டில் திரியும். சாவுதான் கண்முன்னால்: சாக்கில் கிடந்து செவுள் விரித்துத் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் என் மகள் மீனை விட்டவள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

பருப்பும் கீரையும் வெறுந்தேத்தண்ணியும் என்றால் சைவத்துக்கே என் வாக்கு. பாலோடு என்றால் மீனுக்கு. கொட்டிலில் அடைத்தே வளர்க்கும் புரொயிலர் கோழி இந்தப் போட்டிக்கே வராது.