சேலத்துக் கடைகளில் கிடைக்கும் தூரக் கணக்குப் பயிற்சி ஏடு: வாங்கலாமா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் தனியாகத் தெரியும், தசமம் தனியாகத் தெரியும். முக்கால் கிலோமீட்டரையும் 4.6 கிலோமீட்டரையும் கூட்டச் சொன்னால்தான் தடுமாறுவார்கள். சேலம் கடைவீதியில் விற்கும் இந்த ஏடு அந்தத் தடுமாற்றத்துக்காகவே போடப்பட்டது.

ஏட்டோடு வரும் அட்டைப் பட்டைக்கே காசு கொடுக்கலாம். ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும் கோடு. மேல் விளிம்பில் பத்துப் பங்கு, கீழ் விளிம்பில் எட்டுப் பங்கு. கால் கிலோமீட்டர் 0.2-க்கும் 0.3-க்கும் சரியாக நடுவில் விழுவதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். தசமத்தில் இரண்டாவது இடம் எதற்கு என்று அப்புறம் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியிலும் போட வைக்கிறார்கள். வீட்டிலிருந்து அஸ்தம்பட்டி நிறுத்தம் வரை 3/4 கி.மீ. நடை, பஸ்ஸில் 4.6 கி.மீ., இறங்கி 1/8 கி.மீ. நடை. தசமத்தில் 0.750, 4.600, 0.125; புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்துக் கூட்டினால் 5.475. பின்னத்தில் 4.6 என்பது 4 3/5; கீழே வரும் 4, 5, 8 மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 40. ஆக 30/40 + 24/40 + 5/40 = 59/40, அதோடு முழு எண் 4 சேர்ந்து 5 19/40. இரண்டும் ஒன்றே. பூஜ்ஜியம் போடாமல் வலது ஓரத்தை ஒட்டி எழுதினால் 6-ம் 5-ம் ஒரே வரிசையில் வந்து கணக்கு கெடும். 1 கி.மீ. 50 மீட்டரை 1.50 என்று எழுதும் தவறுக்குத் தனிப் பக்கமே உண்டு; சரியானது 1.050, வித்தியாசம் 450 மீட்டர்!

ஏற்காட்டுப் பக்கம் அருமை. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையை வைத்து, வரைபடத்தின் நேர்க்கோட்டுத் தூரம் வேறு, சாலைத் தூரம் வேறு என்று காட்டுகிறார்கள். சாலையோர 200 மீட்டர் கற்களைக் கொண்டு 1/5 = 0.2 என்பதும் வந்துவிடுகிறது. கால் கிலோமீட்டர் எந்தக் கல்லிலும் விழாது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விட்டிருப்பது நல்ல யோசனை.

குறை 1/3-இல். 1/3 + 2.5-க்கு விடை 2.83 என்று முடித்துவிட்டார்கள். அப்படிப் பழகினால் 1/3 கி.மீ. பூங்காப் பாதையை மூன்று சுற்று நடந்தவருக்கு 0.99 கி.மீ. என்று வரும், 10 மீட்டர் எங்கே போனது? இந்த வகைக் கணக்கைப் பின்னத்திலேயே முடிக்க வேண்டும். பின்பக்க விடையில் 2 5/6 என்று பென்சிலால் திருத்திவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.