தொடர்மாடி வீட்டுக்கு ஒரு சப்வூபர்: வெள்ளவத்தையிலிருந்து நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தொடர்மாடி வீட்டுக்குச் சப்வூபர் (ஆழ்ந்த அடியொலியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சின்னதாக ஒன்று போதாதா?" என்பதுதான். கீழ் வீட்டாருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழும் கேள்வி அது. ஆனால் கொழும்பின் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில், முதலில் 8 அங்குலக் கூம்பும் (ஒலியை எழுப்பும் பகுதி) காற்றுப் போய்வரும் துளையும் கொண்ட பெட்டி ஒன்றையும் பின்னர் 12 அங்குலக் கூம்பு கொண்ட, துளையில்லாத மூடிய பெட்டி ஒன்றையும் வைத்துப் பல ஆண்டுகள் படம் பார்த்த பின்னர், அந்த எண்ணத்துக்கு நேர்மாறான முடிவுக்கே நான் வந்திருக்கிறேன்.

எங்கள் வரவேற்பறை ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 3.5 மீற்றர் அகலமும் கொண்டது. தரை முழுவதும் டைல்ஸ். மூன்று பக்கம் சீமெந்துச் சுவர், நான்காவது பக்கம் பல்கனிக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் மோதித் திரும்பும் ஒலி, அதன் அரை அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சமமாகும் இடத்தில் நின்றலையாகி, அதாவது நகராமல் ஒரே இடத்தில் அதிரும் அலையாகித் தேங்கிவிடும். கொழும்பின் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீற்றர் அளவில் இருப்பதால், எங்கள் அறையில் அந்தத் தேக்கம் நீளவாக்கில் 35 ஹேர்ட்ஸ் அளவிலும் அகலவாக்கில் 50 ஹேர்ட்ஸ் அளவிலும் நிகழ்கிறது. இரண்டுமே சப்வூபரின் வேலைப் பரப்புக்குள் அடங்குபவை.

துளை வைத்த சிறிய பெட்டியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அத்தகைய பெட்டி, துளையின் இசைவு அதிர்வெண்ணை (துளையிலுள்ள காற்று இயல்பாக அதிரும் அதிர்வெண்) ஒட்டிய பகுதியில் உரக்க ஒலிக்கும். அதற்குக் கீழே ஒக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் வீதம் சரிந்துவிடும். அந்த உரத்த பகுதியும் அறையின் தேக்கமும் அருகருகே அமையும்போது, வெடிச்சத்தமாயினும் தவிலாயினும் எல்லாம் ஒரே "டும்" ஆகிக் காதில் விழுகின்றன. மூடிய பெட்டி ஒக்டேவுக்கு 12 டெசிபெல் அளவிலேயே மெதுவாகச் சரிகிறது. சிறிய அறை தானாகவே ஆழ்ந்த ஒலியைச் சற்று உயர்த்திக் கொடுப்பதால், அந்தச் சரிவின் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. எனவே குறைந்த சத்தத்திலும் தெளிவான அடியொலி வேண்டுமானால், பெரிய கூம்பும் மூடிய பெட்டியும் கொண்ட ஒன்றை அதன் வலிமையில் சிறு பங்கை மட்டும் பயன்படுத்தி ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

நான் தெரிவு செய்தது எஸ்.வி.எஸ். நிறுவனத்தின் எஸ்.பி.-1000 புரோ; 12 அங்குலக் கூம்பும் 325 வாட் பெருக்கியும் கொண்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலம் எடுப்பித்தேன். அங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரமும் சதுர முள் பிளக்கும்தான் என்பதால் மின்மாற்றியோ பிளக் அடாப்டரோ தேவைப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து எடுப்பிப்பவர்கள் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்டேஜை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கு 120 வோல்ட். சத்தம், கட்டம் (மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு பெட்டியின் அலையை ஒத்திசைப்பது), வெட்டு அதிர்வெண் (சப்வூபர் எந்த அதிர்வெண் வரை ஒலிக்க வேண்டும் என்ற எல்லை), சமன்செய்தல் ஆகியவற்றைக் கைபேசிச் செயலியிலேயே மாற்ற முடிவது ஆடம்பரம் அன்று. இரவில் கதிரையை விட்டு எழாமலே குறைக்க முடிந்தால்தான் மனிதர் குறைப்பார்.

எங்கே வைப்பது என்பதே நான் அதிகம் மெனக்கெட்ட விடயம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அறையின் எல்லாத் தேக்கங்களும் சேர்ந்தே கிளம்பும். மூலையில் வைத்திருந்த காலத்தில் கீழ் வீட்டு அன்ரி படிக்கட்டில் மறித்துச் சொன்னார்: "தம்பி, படச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா எங்கட அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்குது." இதைவிடத் துல்லியமான அளவீட்டை எந்தக் கருவியும் தந்திருக்காது. அதன் பின்னர் பெட்டியைச் சோபாவின் கைப்பிடியோடு ஒட்டி, என் காதிலிருந்து ஒரு மீற்றருக்குள் வருமாறு வைத்தேன். பெட்டி அருகில் இருப்பதால், காதுக்குத் தேவையான அளவை அறை முழுவதையும் நிரப்பாமலே பெற முடிகிறது. செயலியில் சத்தத்தைக் கணிசமாகக் குறைத்தும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் அருகில் இருக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடித்துவிடும் ஆகையால், வழமையான 80 ஹேர்ட்ஸ் வெட்டு அதிர்வெண்ணை 70 அளவுக்கு இறக்க வேண்டியிருந்தது. முன் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவையாக இருந்தால் இந்த வழி சரிவராது.

பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர், நுரை மெத்தைகளைப் பற்றி விற்பவர்கள் சொல்வதில் பாதியை நம்பலாம். பெட்டியின் அதிர்வு தரைக்கு நேரடியாக இறங்குவதை அவை குறைக்கின்றன. டைல்ஸ் தரையில் பெட்டி நகர்வதையும் தடுக்கின்றன. காற்றின் வழியே சென்று கொங்கிரீற்றை அசைக்கும் 35 ஹேர்ட்ஸை எந்த மெத்தையாலும் நிறுத்த முடியாது. (கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது கட்டடம் முழுவதும் எந்தக் கட்டணமும் இல்லாமல் அதிர்கிறது என்பதையும் அன்ரிக்குச் சொல்லிப் பார்த்தேன், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.)

ரிசீவர் (எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெருக்கி) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சத்தம் குறையக் குறைய மனிதக் காது அடியொலியை மற்ற ஒலிகளைவிட வேகமாக இழக்கிறது. அதை ஈடுசெய்யவே ஓடிசி நிறுவனத்தின் டைனமிக் ஈக்யூ போன்ற வசதிகள், சத்தத்தைக் குறைக்கும்போது அடியொலியைத் தாமாக உயர்த்துகின்றன. நீங்கள் நல்ல பிள்ளையாகச் சத்தத்தைக் குறைத்திருக்க, பெட்டி நீங்கள் எண்ணிய அளவுக்குக் குறைந்திருக்காது. இரவு பத்து மணிக்குப் பிறகு நான் அந்த வசதியை நிறுத்திவிட்டு, திடீர் வெடிப்புகளை அடக்கும் இரவுப் பயன்முறையை இயக்குகிறேன்.

பெட்டியில் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா நுரையா என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் நுரை வளையம் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். கடற்காற்றின் உப்பு ஆர்.சி.ஏ. முனைகளிலும் (பெட்டிக்கு ஒலியைக் கொண்டுவரும் வயரின் முனைகள்) படிவதால் நான் அவற்றை அவ்வப்போது கழற்றித் துடைக்கிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் பிளக்கைக் கழற்றுவதோடு நின்றுவிடாமல், ரிசீவருக்கு வரும் அன்டெனா வயரையும் கழற்றிவிட வேண்டும். மின்னலின் தாக்கம் அந்த வழியாகவும் உள்ளே வரக்கூடும்.