சப்போரோவில் நான்கு குளிர்காலம்: வாடகை மலிவு, அப்புறம் மண்ணெண்ணெய்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் படிக்கப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது, "டோக்கியோ மாதிரி வாடகை இருக்காது" என்பதுதான். பொய்யில்லை. அங்குள்ள பெரிய நகரமான சப்போரோவில் வகுப்புக்கு நடந்தே போகும் தூரத்தில் 33,000 யென்னுக்கு ஒற்றை அறை கிடைத்தது. வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகத் தரும், திரும்பி வராத ரெய்கின் பணமும் கேட்கவில்லை. கல்விக் கட்டணம் மட்டும் ஊருக்கு ஏற்பக் குறையாது. தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த தொகை ஆண்டுக்கு 5,35,800 யென். நானும் அதைத்தான் கட்டினேன்.

வாடகையில் மிச்சமானது எங்கே போனது என்று முதல் ஜனவரியில் தெரிந்தது. அறையைச் சூடாக்க இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். 18 லிட்டர் சிவப்புக் கேனை உறைந்த படிகளில் இரண்டாம் மாடிக்குத் தூக்குவது தனிக் கலை. கடுங்குளிரில் ஒரு கேன் எனக்கு ஆறு நாள்கூட வரவில்லை. கேனுக்கு ஏறக்குறைய 2,000 யென். இதோடு வெந்நீருக்கு, கட்டடத்தில் சிலிண்டரில் வரும் புரொப்பேன் காஸ். வெந்நீரில் அரைமணி நேரம் நின்று குளித்த சுகத்துக்கு வந்த ரசீதைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது, மைனஸ் பத்தில்!

இன்னொன்று முழுக்க என் தப்பு. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது குழாயில் நிற்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டேன். 'மிசு ஒதோஷி' என்று வீட்டுக்காரம்மா சொல்லித்தான் அனுப்பினார். சரி சரி என்று தலையாட்டியதோடு சரி. திரும்பி வந்தால் குழாய் உறைந்து, சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய்க்காரரை அழைத்த செலவில் ஒரு மாதக் காய்கறி வாங்கியிருக்கலாம்.

சாப்பாட்டில் குறையே சொல்ல மாட்டேன். ஜப்பானின் உருளையும் வெங்காயமும் பெரும்பாலும் விளைவதே இங்குதான். இலையுதிர்காலத்தில் மூட்டையாக வாங்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட் போனால் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஒட்டும் அரிசி சாம்பாருக்கு ஆகாது, தயிர்ச் சோற்றுக்குப் பிரமாதம். தயிர் உறைய மட்டும் பாத்திரத்தை ஸ்டவ் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். ஜப்பானிய மொழி கொஞ்சமாவது வராவிட்டால் வேலை கிடைப்பது கஷ்டம். சைக்கிள் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைதான். பனி விழுந்தால் மெட்ரோ செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வருடம் அறை மாறினேன். வாடகை 4,000 யென் அதிகம். ஆனால் குழாய் வழி நகர காஸ், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இருபுறமும் ஆள் குடியிருப்பதால் குளிர் குறைவான நடு அறை. அந்த ஜனவரியில் சூட்டுக்கான செலவு முதல் வருடத்தில் பாதிகூட வரவில்லை. கேன் தூக்கும் வேலையும் போனது.