ஏஎஸ்-186 கொம்பிரசர்: வாவிக்கரை ஈரத்துக்குத் தாங்குமா?

கப்பல், விமானம் என்று பிளாஸ்டிக் மொடல் கட்ட வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினால் மேசை, விளக்கு, கட்டிங் மேட் எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். யோசித்துக் காசு போட வேண்டிய சாமான் கொம்பிரசர். காற்றால் பெயின்றைத் தூவும் பேனா போன்ற எயார்பிரஷ்ஷுக்கென்று வரும் சின்னக் கொம்பிரசர்களில் பரவலாகக் கிடைப்பது ஏஎஸ்-186 ரகம். பல பெயர்களில், பல நிறங்களில் வரும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத ஒற்றைப் பிஸ்டன், ஆறில் ஒரு குதிரைவலு மோட்டர், அடியில் 3 லீற்றர் தாங்கி, பக்கத்தில் ரெகுலேற்றரும் தண்ணீர் பிடிக்கும் கிண்ணமும். அமுக்கம் 4 பாருக்கு (பார் என்பது அமுக்கத்தின் அலகு) ஏறியதும் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் தானாக ஓடத் தொடங்கும். நிமிடத்துக்கு 20 லீற்றருக்குச் சற்று மேல் காற்றுத் தரும். 0.3 மி.மீ. நொசில் போட்ட எயார்பிரஷ்ஷை 1 பாரில் வைத்து அடிக்க இது தாராளம்.

மெஷின் திறம்தான். ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் ஊரில் அதற்கு வரும் சோதனை தண்ணீர். கொம்பிரசரோடு வரும் துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 30 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் 24 கிராம். அந்தக் காற்றை மீற்றரில் 4 பாருக்கு அமுக்கினால், வெளிக்காற்றின் 1 பாரும் சேர்ந்து ஐந்தாவதால், ஐந்திலொரு பங்காகச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் 6 கிராம்தான் ஆவியாக நிற்கும், மீதி 18 கிராம் தண்ணீராகிவிடும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல். இந்தக் கொம்பிரசர் ஒரு கனமீற்றர் காற்றை இழுக்க முக்கால் மணித்தியாலம் போதும்.

அந்தத் தண்ணீர் தாங்கிக்குள்ளேயே தங்கினால் பயமில்லை. தாங்கி குளிராக இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும். ரெகுலேற்றரைத் தாண்டி 1 பாருக்கு இறங்கும் காற்று விரிவதால் உலர்ந்துவிடும். சிக்கல் தொடங்குவது இடைவிடாமல் அரை மணித்தியாலம் அடித்த பிறகு. பிஸ்டன் சூடாகும், அதன் சூடு தாங்கிக்கும் இறங்கும். சூட்டுக் காற்று தண்ணீரை ஆவியாகவே வைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தையும் ஏமாற்றிவிட்டு ஹோஸுக்குள் போகும். ஹோஸ் அறையின் வெப்பத்தில் இருப்பதால் அங்கே துளியாகும். கிண்ணம் காய்ந்து கிடக்க, எயார்பிரஷ் தண்ணீர் துப்பும். கிண்ணத்தில் குறை சொல்ல முடியாது, அதைப் பூட்டியிருக்கும் இடம்தான் பிழை.

துப்பினால் என்ன ஆகும்? 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை 1/700 அளவில் கட்டினால் நீளம் 26 செ.மீ. அதன் மேல்தளத்துச் சாம்பல் நிறத்தில் 3 மி.மீ. துளி ஒன்று விழுந்தால், அந்த அளவில் அது இரண்டு மீற்றர் அகலக் குளம். துளியின் நடுவில் பெயின்ற் கழன்று, ஓரத்தில் வளையமாகத் தடித்து நிற்கும். உடனே துணியால் ஒற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். விட்டுவிட்டு ஒரு நாள் காயவைத்து, 2000 இலக்க அரத்தாளை நனைத்துத் தேய்த்து, திரும்ப அடிப்பதுதான் வழி.

வராமல் தடுக்க மூன்று காரியம். எயார்பிரஷ்ஷின் அடியில் பூட்டும் சின்னத் தண்ணீர்ப் பொறி ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள். ஹோஸில் துளியானது அங்கேதான் பிடிபடும். பத்துப் பதினைந்து நிமிடம் அடித்தால் அதேயளவு நேரம் மோட்டருக்கு ஓய்வு கொடுங்கள். தாங்கியில் கைவைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் ஓய்வு போதவில்லை. மூன்றாவது, கொம்பிரசரை அஸ்பெஸ்டஸ் சீற்றின் கீழ் வெக்கையான மூலையில் வைக்காமல் நிலத்தில், காற்றோட்டமாக வையுங்கள். அடியில் தடித்த றப்பர் பாய் போட்டால் சீமெந்து நிலம் அதிர்ந்து உறுமுவதும் குறையும். மொடல் கட்டும் மேசையிலேயே ஏற்றிவைத்தால் கை நடுங்கியது போலத்தான் கோடு விழும்.

வேலை முடிந்ததும் தாங்கியில் 1 பார் அளவு மிச்சம் விட்டு, அடியிலிருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை ஊதி வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும். பழுப்பு நிறத்தில் வந்தால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிண்ணத்தைக் கழுவ லக்கர் தின்னரைத் தொடவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, பிறகு அமுக்கத்தில் உடையும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டியவை சில. ரெகுலேற்றரைப் பூட்டும் மரையில் திரெட் டேப்பை மரை இறுகும் திசையிலேயே மூன்று சுற்றுச் சுற்றுங்கள். நாலு கடந்தால் டேப் நுனி உள்ளே போய் அடைக்கும். ஹோஸ் முனையில் றப்பர் வொஷர் இருக்கும், அங்கே டேப் வேண்டாம். 4 பார் வரை ஏற்றி, நிறுத்தி, பத்து நிமிடம் மீற்றர் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் மூட்டுகளில் தடவினால் கசியும் இடம் நுரை தள்ளும். பெரும்பாலும் ஹோஸ் முனைதான். கொம்பிரசரோடு வரும் வொஷர் மலிவு ரகம், நல்லதொன்றாக மாற்றிவிடுங்கள். பிளக் நம்முடைய சதுர மூன்று முள் இல்லையென்றால் அடப்டரில் ஒப்பேற்றாமல், 3 அம்பியர் பியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக் போட்டு, எர்த் வயரை மறக்காமல் இணையுங்கள். இரும்பு உடல், ஈர நிலம், வெறுங்கால். எர்த் இல்லாமல் ஓட்டுவது விளையாட்டல்ல.

கொம்பிரசரோடு சேர்த்து யோசிக்க வேண்டியது பெயின்ற் புகை போகும் வழி. மொடலை உள்ளே வைத்து அடிக்கும் பெட்டிக்குப் பின்னால் ஆறு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்றைப் பூட்டி யன்னல் வழியே வெளியேற்றலாம். எந்த யன்னல் என்பதுதான் கேள்வி. ஆனி, ஆடியில் வறண்ட கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கு யன்னலில் வைத்தால் அடித்த பெயின்றெல்லாம் திரும்பி முகத்துக்கே வரும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அதையே செய்யும். தெற்குச் சுவர் வாய்த்தால் நல்லது. இல்லையென்றால் ஃபேனின் வெளிப்பக்கம் தானாக மூடும் தகடு போடுங்கள். லக்கர் அடிப்பவர் துணி மாஸ்க்கை நம்ப வேண்டாம். கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிஜ் உள்ள ரெஸ்பிரேற்றர் வேண்டும்.

கச்சான் காலத்தில் வேறொரு சேட்டையும் உண்டு. பெயின்ற் காற்றிலேயே பாதி காய்ந்து, மொடலில் தூசு போல உட்காரும், தடவினால் அரத்தாள். தமியா அக்ரிலிக்கை ஒன்றுக்கு ஒன்று கலப்பவர் தின்னரை ஒன்றரையாகக் கூட்டி, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிற்றாடர் இரண்டு துளி விட்டு, சற்றுக் கிட்டப் பிடித்து அடிக்கலாம். மாரியில் நேரெதிர். பளபள லக்கர் அடித்த சில நிமிடத்தில் பால் ஊற்றியது போல வெளிறும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது இது. கொம்பிரசரைத் திட்டிப் பயனில்லை, எத்தனை பொறி பூட்டினாலும் அறைக் காற்றின் ஈரத்தைத் தடுக்காது. மழை விட்டு, வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். வெளிறியதை மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் மென்மையாக அடித்து பெரும்பாலும் மீட்கலாம்.

இதற்குப் பதிலாக எயார்பிரஷ்ஷிலேயே பூட்டும் பற்றரிக் குட்டிக் கொம்பிரசர் வாங்கலாமா என்றால், சின்ன மனித உருவங்களுக்கும் சின்னத் திருத்தங்களுக்கும் சரி. தாங்கியும் இல்லை, தண்ணீர் நிற்க இடமும் இல்லை. மாரியில் 1/48 விமானம் முழுவதையும் அதில் அடிப்பது அவஸ்தை. கராஜில் இருக்கும் 24 லீற்றர் எண்ணெய்க் கொம்பிரசர் காற்றுக்குக் குறைவில்லாதது, ஆனால் எண்ணெய்த் துகள் கலந்து வந்து பெயின்றில் மீன்கண் போல ஓட்டை விழுத்தும். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டாரும் வருவார்கள். ஏஎஸ்-186 ஓடும்போது அடுத்த அறையில் பிள்ளைகள் படிக்கலாம்.

குறை என்று சொன்னால், எயார்பிரஷ் மாட்டும் கொளுக்கி ஆடும். மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. காற்றில்லாதபோது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அமுக்கத்தைப் பார்க்கும்போது ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி பாருங்கள், விட்டுப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

தேய்வது பிஸ்டன் வளையம். வெளியே தெரியாது, மோட்டர் முன்பைவிட நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான். அதனால் வாங்கிய அன்றே, வெறுந்தாங்கி 4 பாருக்கு ஏற எத்தனை வினாடி எடுக்கிறது என்று ஃபோனில் பிடித்து, அந்த எண்ணைத் தாங்கியின் பக்கத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து, கசிவு இல்லாமலே ஒன்றரை மடங்காகியிருந்தால் வளையத்தை மாற்றும் நேரம்.