குடித்துவிட்டு ஓட்டிய ஆட்டக்காரர்: மன்னிப்பதா, ஒதுக்குவதா, பொறுத்துப் பார்ப்பதா?

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் சனிக்கிழமை ஆட்டங்களில் பல மலேசியாவில் நமக்கு இரவு 10 அல்லது 11 மணிக்குத்தான் தொடங்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரே ஆறுவதற்குள் பேச்சு ஆட்டத்தை விட்டு ஆட்டக்காரர் மேல் தாவிவிடும். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர் என்றால் ஒரே மேசையில் மூன்று கட்சி. "நமக்கு ஆட்டம்தானே முக்கியம்" என்பார் ஒருவர். "கொலைகாரனுக்கெல்லாம் கைதட்ட முடியாது" என்பார் அடுத்தவர். "தண்டனைதான் முடிஞ்சிருச்சே, விடுங்கண்ணே" என்பார் மூன்றாமவர். மூன்றையும் நடந்த வழக்குகளில் உரசிப் பார்ப்போம்.

அதற்கு முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் 2020 அக்டோபர் 23 முதல் 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 22 மைக்ரோகிராம், ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உச்சவரம்பு. அதுவரை 35, 80 என்று இருந்தது. இங்கே சொல்லும் இங்கிலாந்து வழக்குகள் எல்லாம் அந்த 35 கணக்கில் நடந்தவை. 2018 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட பிரான்ஸ் கோல்காவலர் ஹியூகோ லோரிஸ் ஊதியது 80. 2017-இல் இங்கிலாந்துக் கால்பந்தாட்டக்காரர் வெய்ன் ரூனி ஊதியது 104. இன்றைய மலேசியக் கணக்கில் முதலாவது மூன்றரை மடங்குக்கும் மேல், இரண்டாவது ஐந்து மடங்கை நெருங்குகிறது. மூச்சில் 80 என்றால் ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராம். ஈரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கரைக்கும். மலேசிய வரம்புக்குக் கீழே இறங்க ஒன்பது மணி நேரம் வேண்டும். கோப்பியோ குளியலோ அதை அவசரப்படுத்தாது. ஆகவே "ரெண்டு பீர்தானே" என்ற சமாதானம் இவர்களுக்குப் பொருந்தாது.

ஆட்டம் மட்டும் போதும் என்ற கட்சி

லோரிஸுக்கு 50,000 பவுண்டு அபராதம், 20 மாத ஓட்டுநர் தடை. பிடிபட்டபோது உலகக் கிண்ணத்தைத் தூக்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. டோட்டன்ஹாம் கேப்டன் பட்டையும் அவர் கையிலேயே இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பதால் ரசிகர்களும் கடந்துபோனார்கள். இலங்கைக் கிரிக்கெட் ஆட்டக்காரர் திமுத் கருணாரத்ன கதை இன்னும் விசித்திரம். 2019 மார்ச் இறுதியில் அவர் ஓட்டிய கார் ஒரு முச்சக்கர வண்டியில் மோதி அதன் ஓட்டுநர் காயமடைந்தார். வாரியம் 7,500 டாலர் அபராதம் போட்டது. மூன்று வாரத்துக்குள் அதே வாரியம் அவரை உலகக் கிண்ண அணிக்குக் கேப்டனாக்கியது.

இந்தக் கட்சியின் ஓட்டை அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வழக்கில் தெரியும். 2004-இல் 19 வயதில் முதல்முறை பிடிபட்டார். 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. சின்னப் பையன், ஒலிம்பிக் தங்கம் என்று உலகம் மன்னித்தது. 2014-இல் பால்டிமோரில் மறுபடியும் அதே குற்றம். 45 மைல் வேக எல்லையில் 84 மைலில் போனார். இந்த முறை நீச்சல் சங்கம் ஆறு மாதம் இடைநீக்கியது, 2015 கசான் உலகப் போட்டி பறிபோனது, சிகிச்சைக்கும் போனார். ரியோவின் ஐந்து தங்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். பத்து வருடம் முன்னாலேயே இதில் பாதி விலையாவது கொடுக்க வைத்திருக்க வேண்டும்.

ஆயுளுக்கும் ஒதுக்கும் கட்சி

இவர்களிடம் கோபம் மட்டுமல்ல, நியாயமும் இருக்கிறது. 2008-இல் இங்கிலாந்தின் பிளிமத் கால்பந்துக் கிளப் கோல்காவலர் லூக் மெக்கார்மிக் வரம்பைப்போல் இரு மடங்கு போதையில் நெடுஞ்சாலையில் மோதியபோது இறந்தது 10, 8 வயதுச் சகோதரர்கள். தீர்ப்பு 7 ஆண்டு 4 மாதம். 2012-இல் வெளியே வந்தார், 2013-இல் அதே கிளப்புக்கே திரும்பினார். அந்தக் கோல் கம்பங்களுக்கு இடையே அவரைப் பார்த்து யாருக்காவது கைதட்ட வரவில்லை என்றால் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு முடிச்சு உண்டு. 2012 டிசம்பரில் டல்லஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் ஜோஷ் பிரெண்ட் ஓட்டிய கார் கவிழ்ந்து சக ஆட்டக்காரர் ஜெர்ரி பிரௌன் இறந்தார். இறந்தவரின் தாய் பிரெண்டை வெளிப்படையாக மன்னித்து, இரங்கல் நிகழ்ச்சியில் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பெற்றவளே மன்னித்தபின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? எதிர்ப்பக்கமும் உண்டு: குடும்பம் மன்னிக்காத இடத்தில் நாம் மன்னித்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமையே இல்லை. உயிர் போன வழக்கில் மன்னிப்பு நம் பையில் இருக்கும் பொருளல்ல. நம் பையில் இருப்பது கைதட்டலும் டிக்கெட்டுக் காசும்.

தண்டனை முடிந்தால் சரி என்ற கட்சி

கேட்கச் சீராக இருக்கும். ஆனால் அளவுகோல் ரப்பர். 2009-இல் மயாமியில் பாதசாரி ஒருவரை மோதிக் கொன்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் டோன்டே ஸ்டால்வர்த்துக்குச் சிறை 30 நாள். லீக்தான் ஒரு முழுப் பருவம் தடை போட்டது. 2021-இல் லாஸ் வேகசில் 156 மைல் வேகம்வரை போய் மோதி ஒரு பெண்ணைக் கொன்ற, அதே லீக்கின் ஹென்றி ரக்ஸுக்கு 3 முதல் 10 ஆண்டு. மலேசியச் சட்டத்தில் போதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் குற்றத்துக்கே குறைந்தது 10, அதிகம் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம், லைசென்ஸ் குறைந்தது பத்தாண்டுக்குப் போய்விடும். கணக்குத் தீர்ந்தது என்றால் எந்த ஊர்க் கணக்கு?

எங்களுக்குப் பட்டது வேறு. மோதிய பிறகு அவர் முதல் சில மணி நேரம் என்ன செய்தார் என்று பாருங்கள். ஸ்டால்வர்த் நின்றார், போலீசை அழைத்தார், சோதனைக்கு உடன்பட்டார். 2003-இல் மோதிய இங்கிலாந்துக் கால்பந்தாட்டக்காரர் லீ ஹியூஸ் அங்கிருந்து ஓடி 36 மணி நேரம் கழித்துத்தான் சரணடைந்தார். மேலே சொன்ன கரைப்புக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 36 மணி நேரத்தில் எவ்வளவு போதையும் சுவடில்லாமல் போய்விடும். குடித்ததை ஒப்புக்கொண்டார், ஆனால் எவ்வளவு என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆறாண்டுத் தீர்ப்பு ஆபத்தாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததற்காக வந்தது. நம் நாட்டில் சாலைத் தடுப்பில் ஊதுவது முதற்கட்டம் மட்டும்; ஸ்டேஷனில் கொடுக்கும் மாதிரிதான் நீதிமன்றம் போகும், தக்க காரணமில்லாமல் மறுத்தால் அதுவே தனிக் குற்றம். நின்றவருக்கு அதனால் நட்டம் மட்டுமே. அப்படி நின்றவர் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. ஓடியவரின் மன்னிப்பு அறிக்கையை வக்கீல் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே வீச்சில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. ஆடுவது பிழைப்பு, தண்டனை முடிந்தால் ஆடட்டும். கேப்டன் பட்டை வேறு, அதற்குக் காலம் வேண்டும். ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் 1990 டிசம்பரில் குடித்து ஓட்டியதற்காகச் சிறை போய், 1991 பிப்ரவரியில் திரும்பியபோது ஆர்சனல் ரசிகர்கள் ஆரவாரமாக வரவேற்றார்கள். அவர் தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொண்டதோ 1996 செப்டம்பரில். அந்த ஆரவாரம் அவரைக் குணப்படுத்தவில்லை. 2000-இல் விளையாட்டாளர்களுக்காக அவர் தொடங்கிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் சிகிச்சை நிலையத்தைப் பார்த்துக் கைதட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

சட்டை விஷயம் கடைசி. கிளப் சட்டை வாங்கலாம். முதுகில் யார் பெயர் அடிப்பது என்பது தனி முடிவு, அதற்குத் தனிக் காசு. உயிர் போன வழக்கென்றால் முதுகை வெறுமையாக விடச் சொல்லுங்கள். 11 மணி ஆட்டம் முடியும்போது எல்ஆர்டி ரயில் சேவை நின்றிருக்கும். பக்கத்துப் பாரிலிருந்து கார் சாவியோடு எழுபவர் சட்டையிலும் ஒரு பெயர் இருக்கும்.